இரையும் ஃபேன், இழுக்கும் கணினி: கடற்கரை வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், உச்சிப்புளி, தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக் கணினியில் வரும் கோளாறு ஏறக்குறைய ஒன்றுதான். ஃபேன் இரையும், பெட்டி சுடும், ஒரு ஃபோல்டரைத் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். "அண்ணே, வைரஸ் ஏறிருச்சு போல, ஃபார்மட் போட்டுக் குடுத்துருங்க" என்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் வைரஸ் இருக்காது. உப்பும் தூசும் சேர்ந்து காற்று போகும் வழியை அடைத்திருக்கும், இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க் தேய்ந்திருக்கும். இரண்டையும் ஃபார்மட் சரிசெய்யாது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் ஃபார்மட் போட்டால் உள்ளே இருக்கும் கல்யாண ஃபோட்டோவும் சேர்ந்து போய்விடும், அவ்வளவுதான்.

அதனால் என் வரிசை இது: முதலில் சத்தம், அப்புறம் சூடு, அதற்கு அப்புறம்தான் வேகம். சத்தத்துக்கும் சூட்டுக்கும் வழி பார்த்தாலே பாதிக் கணினிகள் வேகத்துக்கு வந்துவிடும்.

கடற்கரை வீட்டுக்கு ஏன் தனி வழிமுறை என்றால், ஒரே காரணம் உப்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் வாக்கில் தாண்டினால் உப்பு தானே ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கணினிக்குள் படிந்த தூசில் உப்பு கலந்திருந்தால் அது பறக்கும் தூசாக இருக்காது, பசையாக ஒட்டிக்கொள்ளும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மணலை வாரிக் கொண்டுவந்து போடும். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் ஈரமும் அதைக் கெட்டிப்படுத்தும். காரைக்குடி செக்ரி ஆராய்ச்சி நிறுவனம் இரும்பு துருப்பிடிப்பதைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை. நம் வீட்டுக் கணினியும் அதே சோதனையில்தான் இருக்கிறது, யாரும் கேட்காமலே.

திறப்பதற்கு முன்

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், மெல்லிய பெயின்ட் பிரஷ், பென்சில் ரப்பர், காது குடையும் பஞ்சுக்குச்சி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சின்ன பாட்டில், பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர். ப்ளோயர் இருந்தால் நல்லது.

கணினியை ஷட் டவுன் செய்து, பிளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் இறங்கும். போர்டைத் (உள்ளே எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் மதர்போர்டைத்) தொடுவதற்கு முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத தகரத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். பின்பக்க ஸ்க்ரூ துருவேறி இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். அப்புறம் டிரைவரை நன்றாக அழுத்தித் திருப்புங்கள். மேலோட்டமாகத் திருப்பினால் தலை மழுங்கிவிடும், பிறகு ட்ரில் மெஷின்தான்.

பவர் சப்ளை பெட்டியை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸை, எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். இந்த வழிமுறையில் எங்கேயும் அதைத் திறக்கச் சொல்லவில்லை.

## அறிகுறி: சத்தம்

சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கேபினெட்டின் பின்னால், பக்கவாட்டில், முன்னால் என்று நகர்த்துங்கள். பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டும் கேட்கலாம், உள்ளே கையையோ காகிதத்தையோ விடாமல்.

### "டக், டக்" என்று எப்போதாவது கேட்கிறது

பெட்டியைத் திறக்க வேண்டாம். முதலில் யுபிஎஸ்ஸைப் பாருங்கள். கணினியை அணைத்துவிட்டு யுபிஎஸ்ஸை மட்டும் ஓடவிடுங்கள். சத்தம் தொடர்ந்தால் அது வோல்டேஜ் ஏறி இறங்கும்போது யுபிஎஸ்ஸுக்குள் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் மாறும் சத்தம். சாயங்காலம் எல்லா வீட்டிலும் மோட்டாரும் ஏசியும் ஓடும் நேரத்தில் இது கூடும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பயந்து கேபினெட்டைப் பைக்கில் கட்டிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. கோளாறு வீட்டிலேயே மேஜைக்கு அடியில் இருக்கும்.

ரிலே ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால் வீட்டு மின்இணைப்பில் எங்கோ லூஸ் தொடர்பு இருக்கலாம். எலெக்ட்ரீஷியனிடம் மெயின் போர்டையும் நியூட்ரல் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். கடற்கரையில் அந்த முனைகள் பச்சை பூத்துப்போவது வழக்கம்.

கரண்ட் போனவுடன் யுபிஎஸ் கூவிக் கணினியும் சேர்ந்து அணைந்தால் பேட்டரி முடிந்தது. பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், புது யுபிஎஸ் வாங்கச் சொன்னால் அவசரப்பட வேண்டாம்.

### தகரம் அதிர்வது போல் "கடகட"

செலவே இல்லாத கோளாறு. பக்கத் தகட்டைக் கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் தகட்டின் ஸ்க்ரூ கழன்றிருக்கிறது, அல்லது துருவில் தகடு சரியாக உட்காரவில்லை. அழுத்தியும் நிற்கவில்லையா? அணைத்துவிட்டு உள்ளே பாருங்கள். வயர் ஏதாவது ஃபேன் இறக்கையில் உரசும். வயரைச் சேர்த்துக் கட்டிவிட்டால் முடிந்தது. பல்லியும் கரப்பானும் ஃபேனில் சிக்கியிருப்பதும் உண்டு. அதை எடுத்த பிறகு இறக்கை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இறக்கை போனாலும் ஃபேன் சமநிலை இழந்து அதிரும், அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது.

### காற்று இரைச்சல், நேரம் ஆக ஆகக் கூடுகிறது

ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே சூடு தாங்காமல் வேகமாகச் சுற்றுகிறது. நம் பக்கம் அதிகம் வரும் கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கேபினெட் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுவரோடு ஒட்டி, மேஜைக்கு அடியில் தரையோடு, கடல் பார்த்த ஜன்னலுக்கு நேராக வைத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள். பின்னால் ஒரு சாண் இடைவெளி வேண்டும். தரையிலிருந்து அரை அடி உயரம் வேண்டும். அழகுக்குப் போட்ட துணி உறையை ஓடும்போது எடுத்துவிடுங்கள். உறை வேண்டும்தான், ஆனால் அணைத்து ஆறிய பிறகு.

இடம் மாற்றியும் இரைந்தால் திறக்க வேண்டியதுதான். ப்ளோயரால் ஊதும்போது ஒவ்வொரு ஃபேனின் இறக்கையையும் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். வீட்டுக்குள் வைத்து ஊதவும் வேண்டாம், முற்றத்துக்குக் கொண்டுபோங்கள். ஆனால் காற்றடிக்கும் பகலில் முற்றத்தில் திறந்து வைத்தால் மணல் உள்ளே போகும். காலையில் காற்று எழுவதற்கு முன் செய்வது உத்தமம்.

சிபியு, அதாவது கணினியின் மூளையான பிராசஸர் சில்லு, அதன் ஃபேனுக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையேதான் உப்புத்தூசு கம்பளமாக உட்காரும். வெளியிலிருந்து ஊதினால் மேல்படலம் மட்டும் போகும். ஃபேனை மட்டும் தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, பிரஷ்ஷை நுழைத்து மேலிருந்து கீழாகக் கிளறுங்கள். ஃபேன் இறக்கைகளைச் சற்றே ஈரமான துணியால் துடையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காமலே அதன் ஜன்னல் வழியாக இரண்டு மூன்று முறை ஊதினால் போதும்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு விஷயம். போர்டில் வெள்ளையாகப் பூத்திருந்தால் எல்லோரும் 99 சதவீத ஆல்கஹாலை எடுத்துத் தேய்ப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகும், உப்பு போகாது. சாப்பாட்டு உப்பு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஏறக்குறையக் கரைவதே இல்லை, அதற்குத் தண்ணீர் வேண்டும். பிளக்கும், போர்டில் உள்ள சின்ன பேட்டரியும் கழற்றிய நிலையில், பஞ்சுக்குச்சியில் டிஸ்டில்டு வாட்டரைத் தொட்டு வெள்ளை பூத்த இடத்தை மட்டும் துடைத்து எடுங்கள். அதன் மேல் ஆல்கஹாலால் துடைத்தால் ஈரம் சீக்கிரம் உலர்ந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே பவர். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், நம் பக்கத்துத் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது.

பச்சை பூத்திருந்தால் கதை வேறு. அது செம்பு அரித்துப்போன அடையாளம். ஸ்லாட் ஓரத்தில் கொஞ்சம் என்றால் துடைத்துப் பார்க்கலாம். போர்டின் மெல்லிய கோடுகள் மேலேயே பரவியிருந்தால் கையை எடுத்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

### "கரகர" என்று அரைக்கும் சத்தம்

பேரிங் போன ஃபேன். காலையில் முதல்முறை போடும்போது கத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் அடங்கினால் ஆரம்ப நிலை, நாள் முழுக்கக் கத்தினால் முற்றிய நிலை. அணைத்துவிட்டு ஃபேனை விரலால் தட்டிவிடுங்கள். நல்ல ஃபேன் சுற்றி மெல்ல நிற்கும். கெட்டது பாதிச் சுற்றில் பொசுக்கென்று நின்றுவிடும், நடுவில் பிடித்து ஆட்டினால் ஆடும்.

தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன் என்று பலர் சொல்கிறார்கள். இரண்டு வாரம் ஓடும், அப்புறம் தூசோடு சேர்ந்து பிசினாகி முழுசாக நின்றுவிடும். அவசரத்துக்கு, ஸ்டிக்கரை உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடலாம். அது புது ஃபேன் வரும்வரை ஓட்டுவதற்கு. ஃபேனுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். பழைய ஃபேனின் அகலத்தையும், வயர் முனையில் மூன்று துளையா நான்கா என்பதையும் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் போங்கள். இல்லாவிட்டால் இரண்டு தடவை பஸ் ஏற வேண்டியிருக்கும்.

கரகர சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருந்து வந்தால் கடையில் கொடுங்கள். வீட்டில் எண்ணெய் விடும் வேலை இங்கே கிடையாது. கருகிய வாசனையும் சேர்ந்து வந்தால் பிளக்கை உடனே உருவுங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று இன்னொரு முறை போடாதீர்கள்.

### சீராக "க்ளிக்... க்ளிக்... க்ளிக்", கூடவே கணினி உறைந்து நிற்கிறது

ஹார்ட் டிஸ்க் படிக்க முடியாமல் திணறுகிறது. அணையுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது, டிஸ்க்கைத் தட்டுவது, ஃப்ரிட்ஜில் வைப்பது எதுவும் வேண்டாம். டிஸ்க் விண்டோஸில் இன்னும் தெரிகிறது என்றால் ஒரே ஒரு முயற்சி செய்யலாம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கையோ பெரிய பென்டிரைவையோ செருகி, முக்கியமானதை முதலில் எடுங்கள். படகு பதிவு, நிலப்பத்திர ஸ்கேன், பிள்ளைகள் சான்றிதழ், ஃபோட்டோ என்ற வரிசையில். சினிமா எல்லாம் கடைசி. அப்போதும் நின்றுவிட்டால் டேட்டா மீட்கும் ஆட்களிடம்தான் போக வேண்டும், அதற்கு மதுரையோ சென்னையோ. செலவு கணினி விலையைத் தாண்டலாம் என்பதால் முதலில் மதிப்பீடு கேளுங்கள்.

### கொசு ரீங்காரம் போல மெல்லிய "கீங்"

ஸ்க்ரோல் செய்யும்போதோ கேம் ஓடும்போதோ மட்டும் வந்தால் போர்டில் உள்ள காயில் அதிர்வது. கோளாறில்லை, விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: சுடுகிறது, திடீரென்று அணைகிறது

சூட்டைக் கையால் அளக்க வேண்டாம். கோர் டெம்ப் அல்லது எச்டபிள்யூ மானிட்டர் என்ற இலவச மென்பொருளை ஏற்றிப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி என்றால் நம் வெயிலுக்குச் சரி. வேலை செய்யும்போது 80 வரை பொறுக்கலாம். சும்மா இருக்கும்போதே 70ஐத் தாண்டினாலோ, வேலையில் 90ஐத் தாண்டினாலோ பிரச்சினை. பெரும்பாலான பிராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "ஸ்லோவா இருக்கு" என்ற புகாரில் பாதி இங்கே பிறக்கிறது.

மேலே சொன்ன சுத்தத்தைச் செய்தும் சூடு இறங்கவில்லையென்றால், சிபியு கூலரின் நான்கு மூலை பிளாஸ்டிக் பின்களைப் பாருங்கள். ஒன்று எழும்பி நின்றாலும் கூலர் சாய்ந்துவிடும். அணைத்துவிட்டு "டக்" என்று உட்காரும்வரை அழுத்துங்கள். இலவச வேலை.

பின் சரியாக இருந்தால் தெர்மல் பேஸ்ட், அதாவது பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசை, காய்ந்திருக்கும். கூலரைக் கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள், பேஸ்ட் இளகும். ஏஎம்டி பிராசஸராக இருந்தால் கூலரை நேராக இழுக்காமல் மெல்ல இடமும் வலமும் திருப்பி எடுங்கள். இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து ஒட்டிக்கொண்டே வந்து அதன் கால்கள் வளையலாம். பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத் துவரம்பருப்பு அளவு புது பேஸ்ட்டை நடுவில் வைத்துக் கூலரை இறக்குங்கள். தோசைக்கல்லில் மாவு தேய்ப்பது மாதிரி யாராவது தேய்க்கச் சொன்னால் கேட்க வேண்டாம். கை நடுங்குபவர்கள் இதைக் கடையில் செய்துகொள்ளலாம், பெரிய செலவில்லை.

சூடு சரியாக இருந்தும் அணைகிறதா? யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் யுபிஎஸ்தான் காரணம். நேரடியாகவும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ். போர்டில் உருளை வடிவ கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தாலும் இதே அறிகுறிதான், இரண்டுமே கடை வேலை.

## அறிகுறி: மெதுவாக ஓடுகிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றில் எது 100ஐத் தொட்டு நிற்கிறது என்பதுதான் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லும்.

### போட்டதும் அரைமணி நேரம் மட்டும் இழுக்கிறது

மாதம் ஒருமுறை கரண்ட் பில் கட்டவோ, விண்ணப்பம் போடவோ மட்டும் திறக்கும் கணினி இது. இத்தனை நாள் சேர்ந்த அப்டேட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. ஒருநாள் ராத்திரி ஓடவிட்டு, காலையில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு வாரம் ஒருமுறையாவது ஒருமணி நேரம் போட்டு வையுங்கள். உள்ளே ஈரம் தங்காமல் இருக்கவும் அது உதவும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாததை எல்லாம் டிஸேபிள் செய்யுங்கள். ஒலி சம்பந்தப்பட்டதையும் டச்பேடையும் மட்டும் விட்டுவையுங்கள்.

### டிஸ்க் 100இல் நிற்கிறது

ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டியா, எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) உள்ளதா என்பதை அதே பக்கத்தில் பார்க்கலாம். சி டிரைவ் நிறைந்து சிவப்பாக இருந்தால் முதலில் அதைக் காலி செய்யுங்கள், ஆறில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே பிடிஎஃப் பத்துப் பிரதியாக இருக்கும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள்.

அப்புறம் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் கிளம்பத் தயார். பட்டியலில் நான்கு வரிகளைத் தேடுங்கள்.

05, சி5, சி6 ஆகியவற்றின் கடைசி எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் டிஸ்க்கின் பரப்பு கெட்டுக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே பேக்அப் எடுங்கள், ஃபார்மட் பேச்சை எடுக்காதீர்கள், புது டிஸ்க்குக்குத் தயாராகுங்கள்.

சி7 மட்டும் எண் காட்டினால் சந்தோஷப்படலாம். டிஸ்க் நன்றாக இருக்கிறது, அதற்கும் போர்டுக்கும் நடுவே போகும் சாட்டா கேபிளில்தான் தகவல் சிதைகிறது. உப்புக்காற்றில் கேபிள் முனை மங்கிப்போவதால் நம் பக்கம் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. முதலில் கேபிளை இரு முனையிலும் கழற்றி மாட்டுங்கள், அடுத்து புதுக் கேபிள் போடுங்கள். பழைய எண் குறையாது, அது கணக்குப் புத்தகத்தில் ஏறிய எண். ஒருவாரம் கழித்து இன்னும் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த ஒரு கேபிளுக்காக டிஸ்க்கையே மாற்றிய வீடுகள் இருக்கின்றன.

எல்லாம் நலம், ஆனாலும் 100இல் நிற்கிறது என்றால், சுழலும் ஹார்ட் டிஸ்க்கால் இன்றைய விண்டோஸை இழுக்க முடியவில்லை. எஸ்எஸ்டி போடுங்கள். பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்யலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், ரேமுக்கும் (கணினியின் தற்காலிக மெமரிக்கும்) முன்னால். பழைய டிஸ்க் நல்லபடியாக இருந்தால் அப்படியே குளோன் செய்து (முழுப் பிரதி எடுத்து) மாற்றலாம், விண்டோஸ் மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. பேட்டரி போயிருந்தாலும், எஸ்எஸ்டி போட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டினால் பிள்ளைகள் படிப்புக்கு இன்னும் உதவும்.

### மெமரி 90ஐத் தாண்டுகிறது

4 ஜிபி ரேமில் குரோமில் பத்துப் பக்கம் திறந்தால் இப்படித்தான். பக்கங்களை மூடுங்கள். முடிந்தால் 8 ஜிபி ஆக்குங்கள். ரேம் வகை டிடிஆர்3யா டிடிஆர்4ஆ என்று பார்த்து வாங்குங்கள், ஒன்று மற்றொன்றில் உட்காராது.

### சிபியு சும்மா இருக்கும்போதே 100

எந்தப் புரோகிராம் மேலே நிற்கிறது என்று பாருங்கள். அப்டேட் என்றால் விட்டுவிடுங்கள். பெயர் புரியாத ஒன்று என்றால் சந்தேகப்படுங்கள். இன்னொரு அடையாளம் உண்டு: ஃபேன் சும்மாவே இரைந்துகொண்டிருக்கும், டாஸ்க் மேனேஜரைத் திறந்த மறுநொடி அடங்கிவிடும், மூடினால் மறுபடி இரையும். உங்கள் கரண்டில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் (பிட்காயின் போன்ற இணையப் பணம்) தோண்டித் தரும் புரோகிராம் ஒளிந்திருக்கக்கூடும், கிராக் செய்த திருட்டு மென்பொருளோடு வந்தது. வைரஸ் என்று சொல்லத் தகுந்த இடம் இதுதான். விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்று இருக்கிறது, ஓட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பேக்அப் எடுத்துவிட்டு ஃபார்மட். இங்கே ஃபார்மட் நியாயம்.

### மூன்றும் குறைவு, ஆனாலும் ஆமை

சிபியு பக்கத்தில் ஜிகாஹெர்ட்ஸ் எண்ணைப் பாருங்கள். ஏதாவது வேலை கொடுக்கும்போதும் 1க்குக் கீழேயே நின்றால் பிராசஸர் தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறது. சூடு காரணமாக இருக்கலாம், மேலே சொன்னபடி அளந்து பாருங்கள். மடிக்கணினி என்றால் மலிவான டூப்ளிகேட் சார்ஜர் காரணமாக இருக்கலாம். சில மாடல்கள் சார்ஜரை அடையாளம் தெரியாவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சொந்தச் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள்.

நோட்பேட் உடனே திறக்கிறது, வெப்சைட் மட்டும் இழுக்கிறது என்றால் கோளாறு கணினியில் இல்லை. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கடையில் விண்டோஸ் 11 ஏற்றிய பிறகுதான் மெதுவாகிவிட்டது என்பவர்களுக்கு: விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, அது உண்மை. ஆனால் விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் விதி. அது இல்லாத பழைய பெட்டியில் குறுக்குவழியில் ஏற்றினால் ஓடும், இழுத்துக்கொண்டு ஓடும். இணையம், கடிதம், கணக்கு மட்டும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்த்து, பிடித்தால் ஏற்றிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: பீப் அடிக்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

மழைக்காலத்தில் ஒருவாரம் பூட்டிக் கிடந்த வீட்டில் இது சகஜம். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, ஆல்கஹாலால் துடைத்து, இருபக்கக் கொக்கியும் பூட்டும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஸ்லாட்டுக்குள் பஞ்சை விட வேண்டாம், நார் சிக்கும். அப்போதும் வராவிட்டால் கடை.

## அறிகுறி: தேதி தவறு, வெப்சைட் எல்லாம் பாதுகாப்பில்லை என்கிறது

போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தது. மாற்றுங்கள். பிடிக்கும் தகடு துருவேறியிருந்தால் ரப்பரால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

## அறிகுறி: கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது

கணினிக் கோளாறில்லை, எர்த் கோளாறு. எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கும், அல்லது மணலில் புதைத்த கம்பி அரித்துப்போயிருக்கும். எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை கணினியைப் போடாதீர்கள், செருப்பு போட்டுக்கொண்டு சமாளிக்க வேண்டாம்.

## அறிகுறி: மடிக்கணினியின் டச்பேட் மேலே எழும்புகிறது

உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரை உருவுங்கள், அணையுங்கள், அழுத்தியோ குத்தியோ பார்க்காதீர்கள். இதில் வீட்டு வைத்தியமே இல்லை.

## கடைக்குக் கொண்டுபோகும்போது

என்ன அறிகுறி, எப்போது வருகிறது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கேபினெட்டில் ஒட்டுங்கள். "ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் ஃபார்மட்தான் விழும். பேக்அப் எடுக்காமல் ஃபார்மட் போடக் கூடாது என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள். டிஸ்க் மாற்ற வேண்டும் என்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ திரையைக் காட்டச் சொல்லுங்கள், 05, சி5, சி7 உங்களுக்கே இப்போது தெரியும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், முக்கியமாக ஹார்ட் டிஸ்க்கை, அதில் உங்கள் வீட்டுச் சங்கதி எல்லாம் இருக்கிறது. கேபிள், கீபோர்டு எதையும் கொண்டுபோக வேண்டாம், பெட்டி மட்டும் போதும். பஸ்ஸில் என்றால் கேரியரில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் பாம்பன் பாலம் தாண்டுவதென்றால் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டுங்கள்.